முதல் பில் போட்டுவிட்டு முதலீடு கேளுங்கள்

திருப்பூர் மாவட்டத்து மடத்துக்குளத்தில் இருந்துகொண்டு இணையத்தில் தொழில் தொடங்கப் போகிறேன் என்று சொன்னால், டீக்கடையில் இருந்து கல்யாண மண்டபம் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "காசுக்கு என்னப்பா பண்ணப் போறே?" கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துப் பத்திரத்தை பேங்கில் வைத்து நாலு மெஷின் போட்டவர்களும், கரும்புப் பணம் கைக்கு வரும்வரை வட்டி கட்டிக் காத்திருந்தவர்களும் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. காசின் கனம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

ஆனாலும் இணையத் தொழிலுக்கு அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "இதை யார் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள்?" என்பது. இதற்கு ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தொகை என்று பதில் சொல்ல முடிகிறவருக்குப் பணம் கிடைக்கும் வழிகள் இன்று தமிழ்நாட்டில் முன்பைவிட அதிகம். பதில் இல்லாதவர் பணம் கிடைத்தாலும் அதை எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் கரைத்துவிடுவார்.

பணத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாடிக்கையாளர் தரும் பணம், அடுத்து அரசின் விதைநிதி, அதற்கும் பிறகு முதலீட்டாளரின் பணம். வங்கிக் கடன் தனிக் கதை, அதைப் பின்னால் பார்ப்போம். வரிசையை மாற்றியவர்கள் கொடுக்கும் விலை பெரிது.

சனிக்கிழமை மத்தியானம்

உடுமலையிலோ பல்லடத்திலோ ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் ஒரு சின்ன யூனிட்டுக்குச் சனிக்கிழமை மத்தியானம் போய் உட்காருங்கள். தெரிந்தவர் மூலம் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் வாரச் சம்பளம்.

மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கும். ஓவர்லாக் டெய்லர் எத்தனை பீஸ், பேட்லாக் டெய்லர் எத்தனை பீஸ், கைமடி ஆளுக்கு எத்தனை ஷிப்ட், யாருக்கு ஒன்றரை ஷிப்ட், யார் புதன்கிழமை முன்பணம் வாங்கினார் என்று எல்லாம் பேனாவில் இருக்கும். பக்கத்தில் டி.சி. (டெலிவரி சலான்) புத்தகம். கம்பெனியில் இருந்து வெட்டிய துணி எத்தனை பீஸ் வந்தது, தைத்து எத்தனை திரும்பப் போனது என்ற கணக்கு அதில். கம்பெனி 1,200 பீஸ் அனுப்பியதாக இருக்கும். யூனிட்டில் இருந்து 1,184தான் திரும்பப் போயிருக்கும். மீதி 16 எங்கே? செக்கிங்கில் கழிந்ததா, எண்ணும்போதே தவறிவிட்டதா? பில் போடும்போது அந்த 16 பீஸுக்கும் கம்பெனி பிடித்துக்கொள்ளும். சூப்பர்வைசர் செல்போன் கால்குலேட்டரில் மூன்றாவது தடவையாகக் கூட்டிக்கொண்டிருப்பார். வாசலில் சம்பளத்துக்காக ஆட்கள் நிற்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகும்.

இந்த இடத்தில்தான் உங்கள் தொழில் இருக்கிறது. பெரிய ஏற்றுமதி நிறுவனங்களிடம் இதற்கெல்லாம் மென்பொருள் உண்டு. அந்த மென்பொருளின் விலையும், அதை இயக்க வேண்டிய ஆளும், அதன் ஆங்கிலத் திரையும் இருபது மெஷின் யூனிட்டுக்கு ஒத்துவருவதில்லை. அவர்களிடம் இருப்பது வாட்ஸ்அப். சம்பளக் கணக்கும் டி.சி. கணக்கும் வாட்ஸ்அப் அளவுக்கு எளிதாக, தமிழில் கிடைத்தால் அதற்குக் காசு கொடுப்பார்களா? கேட்டுப் பார்த்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

கேட்கும் விதம் முக்கியம். "இப்படி ஒரு ஆப் செய்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஊர்க்காரர்கள் மரியாதைக்கு "செய்ங்க தம்பி, நல்லா வரும்" என்பார்கள், அதை ஆர்டர் என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். "போன வாரம் கணக்கு முடிக்க எத்தனை மணி ஆச்சுங்கண்ணா? போன மாசம் பீஸ் குறைஞ்சதுல எவ்வளவு பிடிச்சாங்க?" என்று நடந்ததைக் கேளுங்கள். நடந்ததைப் பற்றிச் சொல்லும்போதுதான் சரியான தொகை வாயில் வரும்.

பிறகு ஒரு வரி நிரலும் எழுதாமல் மூன்று சனிக்கிழமைகள் அந்தக் கணக்கை நீங்களே கூகுள் ஷீட்டில் போட்டுக் கொடுங்கள். எந்த இடத்தில் தப்பு வருகிறது, எந்தச் சொல்லை அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கையால் செய்தால்தான் புரியும். நான்காவது வாரம் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லுங்கள். கொடுத்தால் அது உங்கள் முதல் முதலீடு, பங்கு எதையும் விட்டுத்தர வேண்டியதில்லை. கொடுக்கவில்லை என்றாலும் மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது, மூன்று வருடம் போகவில்லை.

பின்னலாடைதான் என்று கட்டாயம் இல்லை. அமராவதி பாசனத்தில் நெல்லும் கரும்பும், சுற்றிலும் தென்னந்தோப்புகளும், உடுமலை வரை நூற்பாலைகளும் காகித ஆலைகளும் இருக்கிற இடம் இது. தேங்காய் போட ஆள் கிடைக்காத தோப்புக்காரரும், லாரி எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருக்கும் ஆலைக் கிட்டங்கிக்காரரும் இதே நோட்டுடன்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் விற்றவர்கள்

சென்னையில் 2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் இந்த வரிசைக்கு நல்ல சாட்சி. 2011 ஜூனில் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டின் பிஸ்ஸ்பார்க் போட்டியில் 40,000 டாலர் பரிசு. அதற்கும் பிறகு, ஆண்டுக் கடைசியில், ஆக்செல் நிறுவனத்தின் 10 லட்சம் டாலர் முதலீடு. வாடிக்கையாளர், பரிசு, முதலீட்டாளர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பத்து ஆண்டு கழித்து, 2021 செப்டம்பரில், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் பட்டியலானது.

மூன்றாவது படிக்குப் போகாமலே வளர்ந்தவர்களும் உண்டு. சரவணகுமார் 2011இல் தொடங்கிய கோவை.கோ வெளி முதலீடு வாங்காமல், அவர் ஆலோசகராக வேலை பார்த்தபோது கண்ட ஒரு சிக்கலுக்கான மென்பொருளை விற்றே வளர்ந்தது. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோவும் அப்படித்தான். சரவணகுமார் தீர்வு விற்றது தான் நேரில் பார்த்த சிக்கலுக்கு, கேள்விப்பட்டதற்கு அல்ல.

சொந்தக்காரர் பணம்

நம் வட்டாரத்தில் பணம் எப்படிப் புழங்குகிறது என்பதைப் பொருளாதார அறிஞர்கள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள். பின்னாளில், 2019இல், நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவருடன் கைவன் முன்ஷியும் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களை ஆய்வுசெய்து 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூர்க் கவுண்டர் குடும்பங்களின் நிறுவனங்களில் முதல் அதிகம், வெளியில் இருந்து வந்து தொழில் போட்டவர்களிடம் முதல் குறைவு. சொந்தபந்தம் வழியாகப் பணம் எளிதாக வந்ததுதான் வித்தியாசம். ஆனால் குறைந்த முதலில் தொடங்கிய வெளியாட்களின் ஏற்றுமதி வேகமாக ஏறி, சில ஆண்டுகளில் மற்றவர்களை முந்திவிட்டது.

பணம் இருக்கிற இடமும் அது நன்றாக வேலை செய்யும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். வீட்டில் பணம் இல்லாத இளைஞர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பணம் இருப்பவர் இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மாமா கொடுக்கும் ஐந்து லட்சம், சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஆறு மாதம் தள்ளிப்போட வைத்துவிடும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், கடனா பங்கா என்று அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். "நம்ம மாமாதானே" என்று வாய்ப் பேச்சில் விட்ட கணக்கு, நிறுவனம் ஓடத் தொடங்கும்போது பெரிய தகராறாக வரும். ஐந்து லட்சத்துக்கு 40 சதவீதம் பங்கு எழுதிக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பேர் என்றால், உங்கள் இருவரிடம் 60 மிச்சம். அடுத்து வரும் முதலீட்டாளர் 20 சதவீதம் எடுத்தால், இருவருக்கும் சேர்த்து 48தான். ஆளுக்கு 24. ராத்திரி பகலாக உழைக்கிற இரண்டு பேரிடம் பாதிகூட இல்லாத நிறுவனத்தில் பணம் போட அதற்கடுத்த முதலீட்டாளர் தயங்குவார். உறவினர் பணத்தைத் தேதி போட்ட கடனாக வாங்குவதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

எவ்வளவு தேவை என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு பேர், ஆளுக்கு 20,000 ரூபாய் வீட்டுச் செலவு, சர்வருக்கு 5,000, பஸ்ஸும் போனும் 5,000. மாதம் 50,000, வருடம் ஆறு லட்சம். ஒரு யூனிட் மாதம் 1,500 கொடுத்தால் 34 யூனிட் சேரும்போது செலவு கட்டுப்படியாகிவிடும். பெங்களூரில் இதே இரண்டு பேருக்கு வாடகை மட்டுமே இந்தக் கணக்கைக் கலைத்துவிடும். மடத்துக்குளத்தில் இருப்பது உங்களுக்குப் பலவீனம் என்று யாராவது சொன்னால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

அரசுப் பணம்: எதை எப்போது

தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டம்தான் உங்களுக்கு முதலில் பொருந்துவது. தேர்வாகும் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய், பெண்கள் தலைமையேற்று நடத்துவது போன்ற சில பிரிவுகளுக்கு 15 லட்சம். ஈடாக அரசு எடுக்கும் பங்கு 3 சதவீதம். பத்து லட்சத்துக்கு 3 சதவீதம் என்றால் உங்கள் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 3.3 கோடி என்று கணக்காகிறது, மாமா போட்ட மதிப்போ பன்னிரண்டரை லட்சம். விண்ணப்பம் சுற்றுச் சுற்றாகத் திறக்கும். ஈரோட்டிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் அவர்களுக்கு வட்டார மையங்கள் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தனி முதலீட்டு நிதியும் 2022 முதல் இருக்கிறது. தகுதி உள்ளவர்கள் அதைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

மத்திய அரசின் பக்கம் ஸ்டார்ட்அப் இந்தியா விதைநிதித் திட்டம், 2021இல் தொடங்கியது. பணத்தை அரசு நேராகத் தராமல், புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் மையங்களான இன்குபேட்டர்கள் வழியாகத் தருகிறது. மாதிரி செய்து நிரூபிக்க 20 லட்சம் வரை மானியம், சந்தைக்குப் போக 50 லட்சம் வரை கடன் அல்லது மாற்றத்தக்க கடன்பத்திரம் என்பது அதன் அமைப்பு. நான்காண்டுத் திட்டமாக அறிவிக்கப்பட்டது என்பதால் இப்போது விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று இன்குபேட்டரிடம் முதலில் கேளுங்கள்.

இதன் விதிகளில் இரண்டைப் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருக்கவும் கூடாது. பெயர்ப் பலகை ஆசையில் கம்பெனியைப் பதிவுசெய்துவிட்டு, என்ன விற்பது என்று ஒன்றரை வருடம் யோசித்தவர் அந்த இரண்டாண்டை அப்படியே தொலைத்துவிடுகிறார். ஆகவே மூன்று சனிக்கிழமை வேலையைப் பதிவுக்கு முன்னால் முடியுங்கள். பதிவு செய்யும்போது பிரைவேட் லிமிடெட்டாகவோ எல்எல்பியாகவோ செய்யுங்கள். தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது, அந்த அங்கீகாரம் இல்லாமல் மேலே சொன்ன இரண்டு கதவும் திறக்காது.

வங்கிக் கடனோடு வரும் மானியங்கள் வேறு வகை. மாவட்டத் தொழில் மையம் வழியாக வரும், வேலையற்ற இளைஞர்களுக்கான யுஒய்இஜிபி 15 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு, மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 3.75 லட்சம். புதிய தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டம் 5 கோடி வரை போகும், மானியம் 25 சதவீதம், 75 லட்சத்துக்கு மிகாமல், வட்டியிலும் 3 சதவீதச் சலுகை. மத்திய அரசின் பிஎம்இஜிபியில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம் மானியம், பெண்களுக்கும் மற்ற சிறப்புப் பிரிவினருக்கும் 25, 35. உங்கள் முகவரி எந்தக் கணக்கில் வருகிறது என்று விசாரித்துவிட்டே விண்ணப்பம் போடுங்கள், பத்து சதவீதம் அதில் அடங்கியிருக்கிறது. அந்த மானியம் கையில் வராது, வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக நின்று பிறகுதான் கடனில் கழியும்.

தையல் மெஷின் வாங்குபவருக்கு இவை அருமையான திட்டங்கள். மெஷின் வந்த அடுத்த வாரமே பீஸ் ஓடும், தவணை கட்டலாம். மென்பொருள் அப்படியல்ல. வாடிக்கையாளர் வரும் முன்பே தவணை வந்துவிடும். 34 யூனிட்டில் இருபதாவது சேர்ந்துவிட்டது, லேப்டாப்பும் ஆளும் வேண்டும் என்ற நிலையில் போங்கள், முத்ரா கடனும் அப்போதே. அதற்கு முன்னால் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை மட்டும், நிறுவனம் பதிவானதும் உடனே செய்துவிடுங்கள். அது முழுக்க இலவசம், அரசுத் தளத்தில் ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே முடிக்கலாம். இதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. குறு நிறுவனமாகப் பதிவாகிவிட்டால், உங்களிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். 90 நாள் கடனில் ஓடும் இந்த வட்டாரத்தில் அது சிறிய விஷயம் அல்ல. ஆனாலும் சின்ன யூனிட்டிடம் சட்டம் பேசாமல், மாதத் தொடக்கத்திலேயே பணம் வாங்கும் பழக்கத்தை முதல் ஆளிடமே தொடங்கிவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "மானியம் வாங்கித் தர்றேன், முதல்ல பதினைந்தாயிரம் கட்டுங்க" என்று ஒருவர் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மேலே சொன்ன எந்தத் திட்டத்துக்கும் தரகர் தேவையில்லை. அந்தப் பதினைந்தாயிரம் உங்கள் மூன்று மாத சர்வர் செலவு.

படிப்பு எங்கே

படிக்கக் காசு செலவழிக்க வேண்டிய காலம் போய்விட்டது. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் நிரல் எழுதுவதில் இருந்து நிதி நிர்வாகம் வரை பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வு எழுத மட்டுமே கட்டணம், சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு. அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் நடத்தும் ஸ்டார்ட்அப் ஸ்கூலும் இலவசம், வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்ற அதன் பாடங்களை முதலில் கேளுங்கள். மென்பொருள் விற்பவர்கள் தங்களுக்குள் கற்றுக்கொடுக்கச் சென்னையில் உருவான சாஸ்பூமி கூட்டங்களில், விலை வைப்பதைப் பற்றி வைத்துத் தோற்றவர்களே பேசுவார்கள். எந்தப் புத்தகத்தையும்விட அது மேல். சர்வர் செலவுக்கு அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றுமே புதிய நிறுவனங்களுக்கு இலவச கிளவுட் கிரெடிட் தருகின்றன. பணம் கட்டும் முன் அதற்கு விண்ணப்பியுங்கள்.

ஆனால் தனியாக வீடியோ பார்ப்பவர் மூன்றாவது வாரம் சோர்ந்துவிடுவார். மனிதர்கள் வேண்டும். திருப்பூர் முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரியில் ஜவுளிக்கென்றே ஓர் அடல் இன்குபேஷன் மையம் இருக்கிறது. யூனிட் மென்பொருள் செய்பவருக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. கோயம்புத்தூரில் 1998 முதல் பிஎஸ்ஜி ஸ்டெப், பொருள் வடிவமைப்புக்கு ஃபோர்ஜ், வேளாண்மை சார்ந்ததென்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் இன்குபேட்டர். பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரி. பெருநகருக்கு வெளியே இருப்பவர்களுக்காக மதுரையில் பிறந்த நேட்டிவ்லீட் அமைப்பையும் அதன் முதலீட்டாளர் குழுவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதைத் தொடங்கிய சிவராஜா ராமநாதன்தான் பின்னர் ஸ்டார்ட்அப் டிஎன்னுக்குத் தலைமை ஏற்றார்.

இன்குபேட்டருக்கு முதல் முறை போகும்போது பணம் கேட்காதீர்கள். "எங்களிடம் ஆறு யூனிட் காசு கொடுக்கிறது, ஏழாவது ஏன் நிறுத்திவிட்டது என்று புரியவில்லை, யாரிடம் பேசலாம்?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்பவரை அவர்கள் மறப்பதில்லை. அடுத்த சுற்று விண்ணப்பம் திறக்கும்போது அவர்களே கூப்பிடுவார்கள்.

இங்கிலீஷும் மேடையும்

ஆங்கிலம் சரளமாக வராதே என்று பலர் இந்தக் கதவுகளின் பக்கமே போவதில்லை. அது என்னை மிகவும் வருத்துகிறது. தமிழ்நாட்டு அரசின் நிதியைத் தமிழ்நாட்டுத் தொழிலுக்குக் கேட்கிறீர்கள், தமிழில் விளக்கிப் பேசத் தயங்க வேண்டியதே இல்லை. எழுத்து விண்ணப்பத்தைத் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கிக்கொள்ளலாம்.

தேர்வுக் குழுவினர் பத்து நிமிடம் பேசக் கூப்பிடுவார்கள். உலகச் சந்தை எத்தனை கோடி என்ற வரைபடத்தோடு தொடங்காதீர்கள், அதை அன்றைக்கு அவர்கள் ஏற்கனவே பல பேரிடம் பார்த்திருப்பார்கள். சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டு, ஆட்களின் பெயரை மறைத்து, அந்த நீள நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து முதல் திரையில் போடுங்கள். அடித்தல் திருத்தலோடு, டீ சிந்திய கறையோடு அப்படியே இருக்கட்டும். இரண்டாவது திரையில் அதே வாரக் கணக்கு உங்கள் ஆப்பில். மூன்றாவதில் நீங்கள் போட்ட முதல் பில், எண் 1, தொகை 1,500, பணம் வந்த தேதி.